ரஞ்சிதம் ஷூவைத் திருப்பிக் கொடுத்த கதை

ரஞ்சிதம் தன்னுடைய நாற்பத்து மூன்றாம் வயதில்தான் முதன்முதலாக ஷூ வாங்கினாள். அதுவரை அவள் கால்களுக்குத் தெரிந்தது ரப்பர் செருப்பும் வெறுந்தரையும்தான்.

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலைப் படிகளைக் கூட்டிச் சுத்தம் செய்வது அவள் வேலை. ஒரு கன்ட்ராக்டரிடம் ஆறு பெண்கள். நாலு பேர் கீழே கல்யாண மஹால் பக்கம் கூட்டுவார்கள். இரண்டு பேர் உச்சி வரை போய்வர வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் படி என்பதால் மேலே போக யாருக்கும் மனசு வராது. ரஞ்சிதம் மட்டும் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "மேல போனா காத்து வருது. கீழ இருந்தா கன்ட்ராக்டர்தான் வர்றாரு" என்பாள். அவளோடு மேலே போகிறவள் கலைமதி. ரஞ்சிதத்தைவிடப் பத்து வயது சின்னவள், எதற்கும் சிரித்துவிடுகிறவள்.

சுற்றுலா வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், ஐஸ்கிரீம் குச்சி எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கில் அடைத்துக் கீழே இறக்க வேண்டும். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று கோட்டைக்குப் பெயர் வந்த பிறகு சனி ஞாயிறுகளில் கூட்டம் கூடிப்போனது. சாக்கும் கூடிப்போனது.

பத்தாவது வரை படித்தவள் ரஞ்சிதம். எழுத்து என்று எதைக் கண்டாலும் படித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. பாறையில் யாரோ கிறுக்கிய காதலர் பெயர்களைப் படிப்பாள். தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் படிப்பாள். பொறுக்கிய பாக்கெட்டைச் சாக்கில் போடும் முன்பு திருப்பி அதன் பின்பக்கத்தைப் படிப்பாள். எடை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும், குறை இருந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும் எல்லாம் அங்கே பொடி எழுத்தில் இருக்கும்.

"குப்பைல இன்னா க்கா படிக்கிற?" என்று கலைமதி கேட்பாள்.

"அஞ்சு ரூபா சிப்ஸுக்குக்கூட புகார் சொல்ல நம்பர் போட்டிருக்கான் பாரு. யாராவது போன் பண்ணுவாங்களா?"

"சிப்ஸு நமுத்துப் போச்சின்னு எவ க்கா போன் பண்ணுவா?"

ஐப்பசி மழையில் ஒருநாள், உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் பாலத்துக்குப் பக்கத்தில் ரஞ்சிதம் வழுக்கி விழுந்தாள். பாசி பிடித்த படி. ரப்பர் செருப்பு ஒன்று கழன்று பள்ளத்துக்குள் போனது. முழங்கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டரம்மா, "மலையில வேலை செய்யறவங்க இந்தச் செருப்போடவா போவீங்க? நல்ல பிடிப்பா ஒரு ஷூ வாங்கிப் போடுங்கம்மா" என்று திட்டாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த வருடம் தீபாவளிக்கு ரஞ்சிதம் சேலை எடுக்கவில்லை. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு, நவம்பர் மூன்றாம் தேதி காந்தி பஜாரில் பாண்டுரங்கன் கடைக்குப் போனாள்.

பாண்டுரங்கனுக்கு ஐம்பத்தைந்து வயது. அப்பா காலத்திலிருந்து செருப்புக் கடை. நல்ல மனிதர்தான், ஆனால் விற்கும்போது வாய் கொஞ்சம் தாராளம். பெண்களுக்கான ஷூ கேட்டு, சேலை கட்டிய ஒருத்தி வந்தது அவருக்குப் புதுசு.

"யாருக்கும்மா? பொண்ணுக்கா?"

"எனக்குதாண்ணா. மலைல வேல. தெனமும் ராஜகிரி ஏறி எறங்கணும். தாங்குமா?"

சாம்பல் நிறத்தில் ரோஜா கோடு போட்ட ஒரு ஜோடியை எடுத்து, அதன் அடியை விரலால் தட்டிக் காட்டினார் பாண்டுரங்கன். "இது புது மாடலும்மா. ராஜகிரி இன்னா, இதப் போட்டுக்கினு நீ இமயமலைக்கே போலாம். ஆறு மாசம் வாரன்டி."

விலை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது. ரஞ்சிதம் எண்ணிக் கொடுத்துவிட்டு, "பில்லு குடுங்கண்ணா" என்றாள்.

"பில்லு எதுக்கும்மா? நான் எங்க ஓடிப் போவப் போறேன்?"

"நீங்க ஓடல. நான் படிக்கறதுக்கு."

சிரித்துக்கொண்டே பில் எழுதிக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று முழுவதும் படித்தாள். மாடல் நம்பர் எழுதவில்லை என்றாள். அதையும் எழுதினார். அடியில் சிவப்பு மையில் அச்சிட்டிருந்தது: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அதையும் படித்தாள்.

மறுநாள் ஷூ போட்டுக்கொண்டு மலைக்குப் போனபோது கலைமதி படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சேலைக்குக் கீழே ரோஜா கோடு போட்ட ஷூ. கன்ட்ராக்டர், "இன்னா ரஞ்சிதம், ஓட்டப் பந்தயமா?" என்று கேட்டார். புருஷன் வீராசாமி கமிட்டியில், அதாவது நெல் வந்து இறங்கும் விற்பனைக் கூடத்தில், மூட்டை தூக்குகிறவன். "ஷூ போட்டவங்களுக்கு நான் டீ போட்டுத் தரணுமா, நீ போட்டுத் தருவியா?" என்று ஒரு வாரம் கிண்டல் செய்தான். ரஞ்சிதத்துக்கு எதுவும் உறைக்கவில்லை. ஈரப் படியில் கால் வைத்தால் கால் அங்கேயே நின்றது. முழங்கால் வலி குறைந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஷூவைத் துடைத்து அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பில்லையும் அதிலேயே வைத்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் இறங்கும்போது வலது காலில் ஏதோ தப்புத் தப்பென்று சத்தம். குனிந்து பார்த்தாள். ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. இடது காலிலும் ஓரத்தில் பசை விட்டிருந்தது. சாக்குக் கட்டும் சணலால் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கலைமதிக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "பாவம் க்கா, சேல எடுக்காம வாங்கின" என்றாள்.

அன்று மாலையே கடைக்குப் போனாள். பாண்டுரங்கன் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல மேசை மேல் வைத்தார். பிறகு எடுத்துத் தரையில் வைத்தார்.

"மலை ஏறினியாம்மா இதப் போட்டுக்கினு?"

"ஏறறதுக்குதான வாங்கினேன். உங்ககிட்ட சொல்லித்தான வாங்கினேன்."

"இது வாக்கிங் ஷூம்மா. ரோட்ல நடக்கறது. மலை ஏறறதுக்கு வேற ஷூ."

"அன்னிக்கு இமயமலைன்னு சொன்னீங்களேண்ணா."

பக்கத்தில் செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பாண்டுரங்கனுக்கு முகம் சுருங்கியது. "அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. பில்லப் படிச்ச இல்ல? இன்னா போட்டிருக்குது?"

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

"அவ்ளோதான். வேணும்னா நூறு ரூபா குடு, நானே ஒட்டித் தரேன்."

ரஞ்சிதம் சண்டை போடவில்லை. ஷூவைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் வீராசாமி, "வுடு. பஜார்ல தெனமும் பாக்கற மனுசன். அந்தாளு மூஞ்சில நாளிக்கு எப்டி முழிப்ப? நான் பசை வாங்கியாந்து ஒட்டித் தரேன்" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது அவன் வீட்டில் யாரும் செய்யாத காரியம். கேட்டால் ஏதோ பிச்சை கேட்பதுபோல, அல்லது கடைக்காரரைத் திருடன் என்று சொல்வதுபோல அவனுக்குப் பட்டது.

ரஞ்சிதத்துக்கும் கூச்சம் இருந்தது. ஆனால் கூச்சத்தைவிட இன்னொன்று அவளைக் குடைந்தது. அன்று கடையில் தலை குனிந்தது தான்தான் என்று இரவுச் சோறு தின்னும்போதுதான் அவளுக்குத் தோன்றியது. ஷூதானே பிளந்தது? நான் ஏன் குனிந்தேன்?

அடுத்த சனிக்கிழமை ரேஷன் கடையில் வரிசையில் நின்றாள். துவரம்பருப்பு வரவில்லை என்று வரிசை நகராமல் இருந்தது. வழக்கம்போல அவள் சுவரைப் படித்தாள். பழைய நோட்டீசுகளுக்கு நடுவே ஒன்று: 'நுகர்வோரே, விழித்திடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.' எத்தனை மாதமாக அது அங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு எண்தான் என்பதால் மனப்பாடம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேலே பீரங்கி இருக்கும் மேட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு போன் செய்தாள். கலைமதி தயிர்சாதத்தைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மொழி எது என்று கேட்டது இயந்திரம். தமிழுக்கான எண்ணை அழுத்தினாள். கொஞ்ச நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண் குரல்.

ரஞ்சிதம் எல்லாவற்றையும் சொன்னாள். வாங்கிய தேதி, மாடல் நம்பர், பிளந்த நாள், இமயமலை.

"பில் இருக்குங்களா மேடம்?" என்று கேட்டது குரல்.

தன்னை யாராவது மேடம் என்று கூப்பிட்டு ரஞ்சிதம் கேட்டதில்லை. "இருக்குது. ஆனா அதுல திரும்ப வாங்க மாட்டோம்னு போட்டிருக்குது."

"அப்படிப் போட்டிருந்தாலும், பழுதான பொருளுக்கு அது செல்லாதுங்க மேடம். பழுதாயிருந்தா வாங்கிக்கிட்டுப் பணத்தைத் திருப்பித் தரணும். பில்லுல நாள் எதுவும் போடலைன்னா முப்பது நாள் கணக்கு. நீங்க இருபத்து மூணாவது நாளே போயிட்டீங்க. ஷூவை ஒட்டாதீங்க, தூக்கிப் போடாதீங்க. அப்படியே படம் எடுத்து வைங்க."

கம்பெனிக்குப் புகாரை அனுப்புவதாகவும், சரியாகவில்லை என்றால் விழுப்புரத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றும் அந்தப் பெண் சொன்னாள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். போனை வைத்ததும் புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது.

"இன்னா க்கா சொன்னாங்க?"

"என்ன மேடம்னாங்க" என்றாள் ரஞ்சிதம். கலைமதிக்குப் புரை ஏறிவிட்டது.

பன்னிரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வாடிக்கையாளர் பொருளைக் கரடுமுரடான மலைப் பகுதியில் முறையின்றிப் பயன்படுத்தியதால் வாரன்டி பொருந்தாது என்று ஒரே வரி. ரஞ்சிதம் அதை மூன்று தடவை படித்தாள். 'முறையின்றி' என்ற சொல்தான் அவளைச் சுட்டது. பதினோரு வருடமாக அந்தப் படிகளில் அவளைவிட முறையாக நடந்தவர் யார்?

பஸ் ஸ்டாண்டு எதிரில் சுமலதா என்பவள் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று ஊரின் மனுக்கள் எல்லாம் அவள் கையால்தான் போகும். ரஞ்சிதம் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். சட்டத்தின் பெயரையும் புகார் எண்ணையும் சுமலதா சரியாகச் சேர்த்துக்கொண்டாள். மற்றதெல்லாம் ரஞ்சிதத்தின் பேச்சு. கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

'தங்கள் ஷூவை நான் அடுப்பில் வைக்கவில்லை. தண்ணீரில் ஊறப் போடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஷூ என்பது நடப்பதற்கு என்று நினைத்து வாங்கினேன். மலையில் நடக்கத்தான் என்று கடையில் சொல்லியே வாங்கினேன். மலையில் நடக்கக் கூடாது என்று பெட்டியிலும் எழுதவில்லை, வாரன்டி அட்டையிலும் எழுதவில்லை. இரண்டையும் முழுதாகப் படித்துவிட்டேன். பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால் விழுப்புரம் ஆணையத்தில் மனுப் போடுவேன்.'

"இந்த அடுப்பு வரிய எடுத்துடலாமா க்கா?" என்று சுமலதா கேட்டாள்.

"வேணாம். இருக்கட்டும்."

கம்பெனிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. இரண்டையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதுகளைப் பெட்டியில் வைத்தாள். பாண்டுரங்கன் கடை தபால் ஆபீசிலிருந்து நடக்கிற தூரம்தான். "கைலயே குடுத்துட்டுப் போலாமேமா" என்றார் தபால்காரர். ரசீது வேண்டும் என்றாள்.

கடிதம் போன மறுநாளிலிருந்து அவள் பஜாரில் பாண்டுரங்கன் கடையைத் தாண்டும்போது நிமிர்ந்து நடந்தாள். அவர்தான் செருப்பு அடுக்குவதுபோல உள்பக்கம் திரும்பிக்கொண்டார். இதைக் கவனித்த வீராசாமி, "இன்னாமே, அந்தாளு உன்னப் பாத்து ஒளியறாரு?" என்று கேட்டான். கேட்டவன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்ததை அவள் கவனிக்காததுபோல இருந்துவிட்டாள்.

ஜனவரி முதல் வாரம் கம்பெனி ஆள் வந்தார். பெயர் பிரசாந்த், இருபத்தொன்பது வயது, நாலு மாவட்டத்துக் கடைகளைப் பார்த்துக்கொள்கிறவர். பைக்கில் வந்து இறங்கி, போனில் கூப்பிட்டிருந்ததால் ஷூவோடு கடைக்கு வந்திருந்த ரஞ்சிதத்துக்கு நாற்காலி போடச் சொன்னார். ஷூவைப் பார்த்தார், படம் எடுத்தார். "நீங்க எந்த மாதிரி இடத்துல யூஸ் பண்றீங்கன்னு நான் ரிப்போர்ட்ல எழுதணும்மா" என்றார்.

"வாங்க சார், காட்டறேன். இன்னிக்கு என் லீவு. மேல வரைக்கும் போய்ப் பாத்துட்டே எழுதுங்க."

பிரசாந்த் ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்தார். கீழே இருந்து நாலு படம் எடுத்தால் போதாதா என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் அதற்குள் பாண்டுரங்கன் பேசிவிட்டார். பல நாளாக அடக்கி வைத்த கோபம். "போலாம் சார். நானும் வர்றேன். இதே மாடல்ல ஆம்பள சைஸ் இருக்குது. நானே புதுசா ஒரு ஜோடி போட்டுக்கினு ஏறிக் காட்றேன். அப்பதான் சரக்கு தப்பா, இந்தம்மா தப்பான்னு தெரியும்."

"நீங்க ஏறியிருக்கீங்களாண்ணா மேல?" என்று ரஞ்சிதம் கேட்டாள்.

"கடைய வுட்டுட்டு எங்கம்மா போறது" என்றார் பாண்டுரங்கன். பிறந்ததிலிருந்து தினமும் அந்த மலையைப் பார்க்கிறவர். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போன அன்றைக்கு அவருக்குக் காய்ச்சலாம்.

மூவரும் ஏறினார்கள். ரஞ்சிதம் ரப்பர் செருப்பில் முன்னால் போனாள். முதல் இருநூறு படி வரைக்கும் பாண்டுரங்கன் சரக்கின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார். அடுத்த நூறில் பேச்சு குறைந்தது. அதற்கப்புறம் மூச்சு மட்டும்தான். பிரசாந்த் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். ஒரு வளைவில் குரங்கு ஒன்று இறங்கி வந்து அவர் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை, ஏதோ வாங்கி வைத்ததை எடுத்துப் போவதுபோல, அலட்டாமல் எடுத்துக்கொண்டு போனது. ரஞ்சிதம் அது பிரித்துப் போட்ட உறையைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"இன்னிக்கு லீவுன்னீங்களே" என்றார் பிரசாந்த்.

"கை சும்மா இருக்காது சார்."

நடுநடுவே நிறுத்தி, மழை நாளில் எந்தப் படி வழுக்கும், எங்கே கால் வைக்க வேண்டும், தான் எங்கே விழுந்தாள் என்று காட்டினாள். பிரசாந்த் முதலில் தலையாட்டினார். பிறகு நோட்டில் எழுதத் தொடங்கினார். "குப்பைச் சாக்கத் தூக்கிக்கிட்டா இதுல எறங்குவீங்க?" என்று ஒருமுறை கேட்டார்.

உச்சியில் ரங்கநாதர் கோயில் பக்கம் காற்று அடித்தது. பாண்டுரங்கன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வியர்வையைத் துடைத்துவிட்டுக் கீழே பார்த்தார். ஊர் முழுவதும் கையகலத்தில் கிடந்தது. ஏரி, வயல், திருவண்ணாமலை ரோட்டில் ஊர்ந்துபோகும் பஸ். அவர் எதையோ தேடுகிறார் என்பது ரஞ்சிதத்துக்குப் புரிந்தது.

"தண்ணி டேங்க் தெரியுதாண்ணா? அதுக்கு இந்தாண்ட, பச்சக் கட்டடம். அதுக்குப் பக்கத்துல நீலத் தகரம். அதான் உங்க கடை."

"அந்தச் சின்னதா?"

"அதான்."

பாண்டுரங்கன் வெகுநேரம் அந்த நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா அங்கயேதான் உக்காந்திருந்தாரு நாப்பது வருசம்" என்றார் யாருக்கென்று இல்லாமல். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தார். ரஞ்சிதம் கொண்டுவந்த தண்ணீரை மூவரும் குடித்தார்கள். ஷூ பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

இறங்கும்போது பாதி வழியில் சத்தம் வந்தது. தப்புத் தப்பு. ரஞ்சிதத்துக்கு அது நன்றாகத் தெரிந்த சத்தம். அவள் திரும்பவில்லை. பாண்டுரங்கன் சத்தம் கேட்காததுபோல இன்னும் பத்துப் படி இறங்கினார். பிறகு ஒரு படியில் உட்கார்ந்து இடது காலைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து தொங்கியது.

"ஒரே நாள்ல" என்றார். அப்புறம் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். "இருவத்து மூணு நாள் ஓட்டியிருக்கியேம்மா நீ. பெரிய ஆள்தான்."

ரஞ்சிதமும் சிரித்துவிட்டாள். பிரசாந்த் சிரிக்கலாமா என்று யோசித்து, கடைசியில் அவரும் சிரித்தார். பிறகு ஷூவைக் கழற்றச் சொல்லி, ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தார். "பசை சரியா பிடிக்கல. இந்த லாட்ல வந்த சரக்கே இப்படித்தான் இருக்கும்போல" என்று முணுமுணுத்தபடி படம் எடுத்தார். ரஞ்சிதம் இடுப்பிலிருந்து சணலை எடுத்துப் பாண்டுரங்கன் காலைச் சுற்றி ஷூவைக் கட்டிவிடப் போனாள். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டு தானே கட்டிக்கொண்டார்.

கடைக்கு வந்ததும் பிரசாந்த், "உங்களுக்குப் புது ஜோடி ஒண்ணு மாத்தித் தந்துடறோம்மா" என்றார்.

"இதே ஷூவா சார்?"

பிரசாந்த் கடைத் தட்டுகளைக் கை காட்டினார். "கடையில வேற எது வேணாலும் எடுத்துக்கற மாதிரி கிரெடிட் தரலாம்."

"லெட்டர்ல பணம்னுதான் எழுதியிருக்குது. பணமாவே குடுங்க. நான் எத வேணா எங்க வேணா வாங்கிக்குவேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "தபால் செலவும் டைப்பிங் செலவும் சேத்து. ரசீது இருக்குது."

பிரசாந்த் வெளியே போய் ஆபீசுக்குப் போன் செய்தார். பத்து நிமிடம் பேசினார். இடையில் ஒருமுறை, "சார், நானே ஏறிட்டு வந்தேன் சார், நேர்ல பாத்தேன்" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. திரும்பி வந்து, சரி என்றார். ஆபீஸ் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பாண்டுரங்கனே கல்லாவைத் திறந்தார்.

ரஞ்சிதம் பணத்தை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"இன்னும் இன்னாம்மா?"

"இதே ஷூவ வேற யாருக்கும் வித்தீங்களாண்ணா?"

பாண்டுரங்கன் பில் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு பில் போடவே இல்லை. ஆனால் ஆளைத் தெரியும். ஒருவர் மேல்சித்தாமூர் சாந்திநாதன், மணிலாக்கடலை வியாபாரி, அவருடைய மகளுக்காக வாங்கியது. பாண்டுரங்கன் அங்கேயே நின்று போன் செய்தார். மறுமுனையில் சாந்திநாதன், "அது அப்பவே பிஞ்சிடுச்சிங்க. நம்ம பாண்டுரங்கன் கடையாச்சே, எதுக்குக் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்" என்று சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

பாண்டுரங்கன் போனை வைத்தார். "மரியாதைக்குக் கேக்காம வுட்டிருக்காங்க" என்றார். அது மரியாதையாக அவருக்கு அன்று படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மீதியிருந்த பதினோரு ஜோடியையும் பிரசாந்தின் பைக்கில் கட்டி அனுப்பினார்.

போகியன்று ரஞ்சிதம் புது ஷூ வாங்கினாள். திண்டிவனம் போய் வாங்கலாம் என்று வீராசாமி சொன்னான். அவள் பாண்டுரங்கன் கடைக்கே போனாள். இந்தத் தடவை அடிப்பாகம் ஒட்டியது அல்ல, சுற்றிலும் தைத்தது. கறுப்பு, கோடு எதுவும் இல்லை. கலைமதியும் கீழே கூட்டும் இரண்டு பேரும் கூடவே வந்து ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். பாண்டுரங்கன் ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தே கொடுத்தார். பில் புத்தகம் பழையதுதான். சிவப்பு வரியின் மேல் பேனாவால் கோடு இழுத்து, பக்கத்தில் புதிதாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்தினார். 'பழுது இருந்தால் முப்பது நாளுக்குள் பில்லுடன் வறவும்.'

"வரவும்னா சின்ன ர போடணும்ணா" என்றாள் ரஞ்சிதம்.

"ஸ்டாம்பு பண்ண காசு போச்சா?"

"செஞ்சவன்கிட்ட திருப்பிக் குடுங்க. தப்பு அவனோடதுதான?"

பாண்டுரங்கன் ஸ்டாம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி வைத்தார்.

காணும் பொங்கலன்று மலை நிறைய ஜனம். ரஞ்சிதமும் கலைமதியும் காலையிலிருந்து நாலு சாக்கு நிரப்பிவிட்டார்கள். மதியம் ரங்கநாதர் கோயில் பக்கம் பாண்டுரங்கன் உட்கார்ந்திருந்தார். கூடவே மனைவி, மகள், இரண்டு பேத்திகள். புளியோதரை வாசம். ரஞ்சிதத்தைப் பார்த்ததும் எழுந்து, "இவங்கதான்" என்றார் மனைவியிடம்.

அந்த அம்மாள் ரஞ்சிதத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். "நீங்கதானா அது? நீங்க மலை ஏத்தி வுட்டதுலருந்து இந்த மனுசனுக்குத் தெனமும் முட்டில தைலம் தேச்சி என் கை வலிக்குது. வாங்க, உக்காந்து ஒரு வாய் சாப்டுங்க."

"இன்னும் ரெண்டு சாக்கு இருக்குதும்மா."

"சாக்கு எங்கயும் போவாது. அந்தப் பொண்ணையும் கூப்புடுங்க."

கலைமதி கூப்பிடும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாள். ரஞ்சிதம் சாக்கைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து இலையை வாங்கினாள்.